மருத்துவ மாணவர் வினாடி வினாவுக்கு எடுத்த வாடகைச் சேவைகள்: பெங்களூரில் மூன்று ஆண்டு அனுபவம்

பெங்களூரில் வாழும் தமிழ் மருத்துவர்கள் சிலர் சேர்ந்து, மூன்று ஆண்டுகளாக எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு ஒரு வினாடி வினாப் போட்டி நடத்திவருகிறோம். அல்சூர் ஏரிக்கு அருகில் ஒரு சிறிய மண்டபம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருவர் கொண்ட அணிகள், காலையில் எழுத்துத் தேர்வு, பிற்பகலில் மேடைச் சுற்றுகள் என்பதுதான் அமைப்பு. மேடைக்கு வேண்டிய பஸ்ஸர் (விடை தெரிந்தவர் முந்திக்கொண்டு அழுத்தும் பொத்தான்), மைக், ஸ்பீக்கர், புரொஜெக்டர், புள்ளிப் பலகை, அவற்றை இயக்கும் ஆள் என எல்லாவற்றையும் மொத்தமாக வாடகைக்குத் தரும் சேவைகள் இந்நகரில் பல இருக்கின்றன. முதலாண்டு ஒரு சேவையையும் அடுத்த இரண்டு ஆண்டுகள் வேறொரு சேவையையும் அமர்த்தினோம். அவ்விரண்டையும் பற்றியதே இந்த மதிப்புரை.

இரண்டின் பெயரையும் நான் எழுதவில்லை. இந்தத் தொழிலில் இன்று ஒரு கடையில் இருக்கும் கருவி நாளை இன்னொரு கடையிலிருந்து வரும். நிகழ்ச்சி நிறைந்த ஞாயிறுகளில் கடைக்காரர்கள் ஒருவரிடம் ஒருவர் கேட்டு வாங்கியே சமாளிக்கிறார்கள். ஆகவே கடையின் பெயரைவிட, கருவி எந்த வகையைச் சேர்ந்தது, அதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்பதைத் தெரிந்துகொள்வதே போட்டி நடத்த நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

முதலில் அமர்த்திய சேவை 22,000 ரூபாய் கேட்டது. 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி. பாதித் தொகையை முன்பணமாகக் கொடுத்தோம். ஆறு மேசைக்கு வயர் இல்லாத பஸ்ஸர்கள், நான்கு மைக், இரண்டு ஸ்பீக்கர், திரையுடன் புரொஜெக்டர், ஒரு இயக்குநர் ஆகியவை அதில் அடங்கும். இவற்றோடு, ‘மருத்துவ வினாத் தொகுப்பு’ ஒன்றையும் இலவசமாகத் தருவதாகச் சொன்னார்கள். பொருட்கள் சொன்ன நேரத்துக்கு வந்தன, மேசைகள் அழகாக இருந்தன, இயக்க வந்தவர் பணிவாக நடந்துகொண்டார். இவற்றில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

பஸ்ஸர் இல்லாமலே நடத்தியிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. 1967-ல் கல்கத்தாவில் நீல் ஓ’பிரையன் தொடங்கிவைத்த மேடை வினாடி வினா மரபும், 1983-ல் தொடங்கிய கர்நாடக வினாடி வினா சங்கம் இந்நகரில் வளர்த்தெடுத்த ரசனையும் வேகத்தைவிட யோசித்துக் கண்டுபிடிப்பதையே பெரிதாக மதிக்கின்றன. ஒரு மேசைக்குத் தெரியாத கேள்வி அடுத்தடுத்த மேசைக்குப் போவதையும், முறை வருவதற்கு முன்பே விடையை எழுதிக்கொடுத்துத் துணிவதையும் இங்குள்ள மாணவர்கள் நன்கு அறிவார்கள். ஆங்கிலத்தில் அவற்றுக்கு வேறுவேறு பெயர் (bounce, pounce) இருந்தாலும் தமிழில் எழுதும்போது இரண்டும் ‘பவுன்ஸ்’ என்றே ஆகிவிடுவதால், எங்கள் புள்ளிப் பலகையில் முன்னதைத் ‘தாவல்’ என்றும் பின்னதைப் ‘பாய்ச்சல்’ என்றும் குறித்தோம். அந்த இரு சொற்களும் மாணவர்களுக்கு உடனே பிடித்துப்போயின. இருந்தாலும் மருத்துவத்தில் ஒரு சுற்றாவது வேகச் சுற்றாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அவசரப் பிரிவில் ஒரு ஈ.சி.ஜி. தாளைக் கையில் வாங்கியதும் கண்ணில் பட வேண்டியது பட்டாக வேண்டும்; அந்தப் பயிற்சிக்குப் பஸ்ஸர் சுற்று உதவுகிறது. ஆனால் வேகத்துக்குப் புள்ளி கொடுப்பதென்று முடிவுசெய்த பிறகு, வேகத்தை அளக்கும் கருவி நேர்மையாக இருந்தே ஆக வேண்டும். முதலாண்டு நாங்கள் தவறியது அங்கேதான்.

அந்த ஆண்டின் கடைசிச் சுற்றில் ஒரு மார்பு எக்ஸ்ரேயைத் திரையில் காட்டினோம். நுரையீரல் வேர்ப்பகுதியில் இருந்த நிணநீர்க் கணுக்களைச் சுற்றி முட்டையோடு போல மெல்லிய சுண்ணப் படிவு தெரிந்தது. நோயின் பெயரையும், இந்தியாவில் அந்நோய் 1934-ல் முதன்முதலாக எந்தச் சுரங்கத் தொழிலாளரிடையே பதிவானது என்பதையும் சொல்ல வேண்டும். நோய், சிலிகாத் தூசியைச் சுவாசிப்பதால் நுரையீரலில் வரும் சிலிகோசிஸ்; இடம், கோலார் தங்கவயல். ஐந்தாம் மேசையில் இருந்த மாணவி தங்கவயலிலேயே பிறந்து வளர்ந்தவர், அவருடைய தாத்தா சுரங்கத்தின் அடியில் வேலை பார்த்தவர் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். படம் திரைக்கு வந்த நொடியில் அவருடைய கை பஸ்ஸரின் மேல் இறங்கியதை மேடையின் ஓரத்தில் நின்றிருந்த நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் விளக்கு எரிந்தது இரண்டாம் மேசையில். அந்த அணியும் சரியான விடையைச் சொல்லிப் பத்துப் புள்ளி பெற்றது. போட்டி முடிந்தபோது அவ்விரு அணிகளுக்கும் இடையே இருந்த வித்தியாசம் ஐந்து புள்ளி.

“மேடம், நான்தான் முதல்ல அழுத்தினேன்” என்றார் அந்த மாணவி. கோபமாகவோ அழுகையாகவோ சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். கருவியை இயக்கியவரிடம் போய்க் கேட்டபோது, எந்த மேசை எப்போது அழுத்தியது என்ற பதிவு கருவியில் இல்லை, முதலில் வந்ததை மட்டுமே அது காட்டும் என்றார். முடிவை மாற்ற எங்களிடம் எந்த ஆதாரமும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நின்றது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

பரிசளிப்பு முடிந்து, மேசைகளை அவர்கள் பிரித்துக் கட்டத் தொடங்குவதற்கு முன் பத்து நிமிடம் அனுமதி கேட்டேன். மண்டபத்துச் சமையற்கூடத்தில் இருந்து ஒரு சப்பாத்திப் பலகையை எடுத்துவந்து, இரண்டாம் மேசையின் பஸ்ஸரையும் ஐந்தாம் மேசையின் பஸ்ஸரையும் அருகருகே வைத்து, பலகையை அவற்றின் மேல் கிடத்தி, நடுவில் ஒரே அழுத்தாக அழுத்தினேன். இரண்டும் ஒரே நேரத்தில் அழுந்தினால், எந்த விளக்கு எரிகிறது என்பது நாணயம் சுண்டுவதைப் போல ஏறக்குறையப் பாதிக்குப் பாதியாக அமைய வேண்டும். 20 முறை அழுத்தினேன். 17 முறை இரண்டாம் மேசையின் விளக்கே எரிந்தது. பஸ்ஸர்களை இடம் வலமாக மாற்றிவைத்துப் பார்த்தபோதும் போக்கு மாறவில்லை. ஒரு நாணயத்தை 20 முறை சுண்டினால், 17 முறையோ அதற்கு மேலோ தலையே விழுவதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் ஏறத்தாழ ஒன்றுதான். அந்த மாணவி சொன்னதை நம்புவதற்கு எனக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

ஏன் அப்படி நேர்ந்தது என்பதை அடுத்த ஆண்டு அமர்த்திய சேவையின் தொழில்நுட்பப் பணியாளர்தான் எனக்கு விளக்கினார். ஸ்ரீராமபுரத்தில் வளர்ந்த தமிழ் இளைஞர்; மின்னணுக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் உதிரிப் பாகங்கள் வாங்கித் தாமே கருவிகளைப் பழுதுபார்ப்பவர். “மேடம், மலிவான பெட்டி கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவைதான் ஆறு மேசையையும் பார்க்கும். பார்த்துட்டு ஒண்ணாம் நம்பர்ல இருந்து வரிசையா எண்ணும். அந்த இடைவெளிக்குள்ள ரெண்டு பேர் அழுத்தியிருந்தா, சின்ன நம்பருக்குத்தான் விளக்கு எரியும்” என்றார். இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. இரண்டாம் மேசை, ஐந்தாம் மேசையைவிட வேகமாக இருந்ததால் வெல்லவில்லை. எண் சிறியதாக இருந்ததால் வென்றது.

அந்த இடைவெளி மிகச் சிறியதுதானே, அதற்குள் இருவர் அழுத்துவது அபூர்வமல்லவா என்று தோன்றலாம். உடலியங்கியல் கற்பிப்பவள் என்ற முறையில் இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒளியைக் கண்டு விரலை அழுத்த இளைஞர் ஒருவருக்கு ஏறத்தாழ 200 மில்லி வினாடி ஆகும்; ஒலியைக் கேட்டு அழுத்த ஏறத்தாழ 150 மில்லி வினாடி போதும். எம்.பி.பி.எஸ். முதலாண்டு ஆய்வகத்திலேயே மாணவர்கள் ஒருவரையொருவர் அளந்து பார்த்துக்கொள்ளும் பரிசோதனைதான் இது. விடை தெரிந்த இருவர் ஒரே படத்துக்காகக் காத்திருக்கும்போது, அவர்களுக்கு இடையேயான வித்தியாசம் பல நேரம் இருபது முப்பது மில்லி வினாடிக்குள் முடிந்துவிடும். வயர் இல்லாத மலிவான கருவி மேசைகளைப் பார்க்கும் இடைவெளி அதைவிட நீளமாக இருந்தால், மிகக் கடுமையான போட்டி நிலவும் கேள்விகளில்தான், அதாவது நியாயம் மிக அவசியமான கேள்விகளில்தான், கருவி தவறான தீர்ப்பைச் சொல்லும். எளிய கேள்விகளில் அந்தக் குறை வெளியே தெரியவே தெரியாது.

இரண்டாவது சேவையின் கருவி வயர் வைத்தது. ஒவ்வொரு மேசையில் இருந்தும் ஒரு கேபிள் நடுப்பெட்டிக்கு வருகிறது. அழுத்திய ஆறு பேரின் வரிசையும், முதலில் அழுத்தியவருக்குப் பிறகு எத்தனை மில்லி வினாடி கழித்து மற்றவர்கள் அழுத்தினார்கள் என்பதும் இயக்குநரின் லேப்டாப்பில் பதிவாகின்றன. அந்தப் பதிவை எங்கள் வேண்டுகோளின்படி நடுவர் மேசையில் தனியாக ஒரு திரையில் காட்டினார்கள். வாடகை நாலாயிரம் ரூபாய் கூடுதல். மேடை முழுவதும் கேபிள் ஓடுவதால் பார்வைக்கு முதல் கருவியின் நேர்த்தி இதில் இல்லை. புடவை கட்டிய ஒரு பேராசிரியையின் கால் சிக்கிக்கொள்ளவும் பார்த்தது; அதன் பிறகு கேபிள்களின் மேல் அகலமான டேப் ஒட்டினார்கள். ஆனால் இரண்டு ஆண்டுகளிலும் பஸ்ஸர் குறித்து ஒரு முறையீடுகூட வரவில்லை. நாலாயிரம் ரூபாய்க்கு இதைவிட மதிப்புள்ள எதையும் ஒரு போட்டிக்கு வாங்க முடியாது என்பேன்.

அடுத்து ஒலி. பொது நிகழ்ச்சிகளுக்குத் தரும் ஸ்பீக்கரையே மருத்துவப் போட்டிக்கும் தருகிறார்கள். பேச்சுக்கு அது போதும், இதய ஒலிக்குப் போதாது. முதலாண்டு மைட்ரல் ஸ்டினோசிஸ் (இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கும் நோய்) நோயாளியின் இதய ஒலிப்பதிவை இயக்கினோம். ஆறு அணிகளும் விழித்தன. நடுவராக இருந்த இதயநோய் நிபுணருக்கே எதுவும் கேட்கவில்லை. அந்த நோயின் முணுமுணுப்பு மிகத் தாழ்ந்த சுருதி கொண்டது; 100 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்குக் கீழும் இருக்கும். நோயாளியின் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பின் மணிப் பகுதியை மெல்ல வைத்தால்தான் கேட்கும் என்று நாமே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். சிறிய பெட்டி ஸ்பீக்கர்களில் அந்தத் தாழ்ந்த அதிர்வுகள் வெளியே வருவதே இல்லை. அயோர்டிக் வால்வு கசிவின் உயர்ந்த சுருதி ஒலியோ நன்றாகக் கேட்டது. ஒலி கேட்காத கேள்விக்கு விடை தெரியவில்லை என்று புள்ளி மறுப்பது தவறு என்பதால் அந்தக் கேள்வியையே நீக்கினோம். இரண்டாவது சேவை நாங்கள் கேட்டபடி மேசைக்கு இரண்டாகப் பன்னிரண்டு ஹெட்போன்களும், எல்லாவற்றுக்கும் ஒரே ஒலியைப் பிரித்துத் தரும் பெட்டியும் கொண்டுவந்தது. பார்வையாளர்களுக்காகத் தாழ்ந்த ஒலிக்கான தனி ஸ்பீக்கரும் வைத்தார்கள். அந்த ஆண்டு அதே ஒலிப்பதிவை நான்கு அணிகள் சரியாகச் சொல்லின.

புரொஜெக்டர் விஷயத்தில் இரண்டு சேவைகளுமே எனக்கு நிறைவளிக்கவில்லை. மண்டபத்தின் ஜன்னல்களுக்குத் திரை போட்ட பிறகும், எக்ஸ்ரேயின் கறுப்பு திரையில் சாம்பல் நிறமாகவே விழுகிறது. கொஞ்சமாக நீர் கோத்த நுரையீரல் உறையின் மூலை மழுங்கியிருப்பதை அந்தச் சாம்பலில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. திசு ஸ்லைடுகளின் இளஞ்சிவப்பு, செங்கல் நிறமாக மாறிவிடுகிறது. ஃபால்சிபாரம் மலேரியா ஒட்டுண்ணியின் வாழைப்பழ வடிவ நிலையான கேமிட்டோசைட்டைப் போல வடிவத்தைக் கொண்டே அடையாளம் காணக்கூடிய படங்களை மட்டும்தான் புரொஜெக்டரில் நம்பிக் கொடுக்கலாம். கடந்த ஆண்டு ஒவ்வொரு மேசைக்கும் படங்களை நல்ல தாளில் அச்சிட்டு உறையில் வைத்துக் கொடுத்தோம். நடத்துபவர் சொன்னதும் உறையைப் பிரிக்க வேண்டும். செலவு குறைவு, சிக்கலும் இல்லை. மேசைக்கு ஒரு எல்.இ.டி. திரை தருவதாக இரண்டாவது சேவை சொல்கிறது. வாடகை எங்கள் கைக்கு எட்டுவதாக இல்லை.

எங்கள் போட்டியில் ஒரு சுற்று முழுக்கத் தமிழில் நடக்கும். தமிழ் தெரியாத நண்பர்கள் அணியில் இருந்தால் அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல இன்னொருவர் இருப்பார் என்பதால் எல்லா அணிகளும் இதை விரும்பியே ஆடுகின்றன. நோயாளி தன் வாயால் சொல்லும் பெயரைக் கொடுத்து நோயைக் கேட்பதுதான் அந்தச் சுற்று. பொன்னுக்கு வீங்கி, அக்கி, தேமல், சேற்றுப்புண், மாலைக்கண், கக்குவான் இருமல், ரண ஜன்னி. பெங்களூரில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் தமிழ் உண்டு, இந்தச் சொற்கள் இல்லை. சிவாஜிநகரில் இருந்தோ தங்கவயலில் இருந்தோ ஒரு பாட்டி வந்து “உடம்புல அக்கி போட்டிருக்குப்பா” என்று சொல்லும்போது, எதிரில் இருக்கும் மருத்துவருக்கு அது ஹெர்பிஸ் ஜோஸ்டர் என்று புரிய வேண்டாமா? இந்தச் சுற்றோடு வரலாற்றுக் கேள்விகளும் சில வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்கான நூல்களையும் தமிழில் உருவாக்கிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீனைப் பற்றிக் கேட்டபோது ஓர் அணிக்கும் தெரியவில்லை. விடையைச் சொன்னதும் அரங்கம் கைதட்டியது. 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்த முத்துலட்சுமி ரெட்டியை எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இந்தத் தமிழ்ச் சுற்றில்தான் வாடகை லேப்டாப் காலை வாரியது. நாங்கள் கொடுத்த ஸ்லைடுகளை முதலாண்டு அவர்கள் தங்கள் கணினியில் திறந்தபோது, ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பு ஓரிடத்திலும் கால் வேறிடத்திலும் நின்றன; இடையில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் தோன்றியது. ‘பொன்னுக்கு’ என்பதைப் படிக்கவே முடியவில்லை. அவர்களிடம் தமிழ் எழுத்துரு இல்லை, நிறுவுவதற்கு நேரமும் இல்லை. அந்தச் சுற்றை வாயால் வாசித்தே முடித்தோம். காதால் கேட்டதும் பிடித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அது சாதகமாகவும், எழுத்தைப் பார்த்தால் மட்டுமே நம்பிக்கை வரும் பிள்ளைகளுக்குப் பாதகமாகவும் அமைந்தது. இப்போது எல்லா ஸ்லைடுகளையும் பி.டி.எஃப். கோப்பாக மாற்றியே கொடுக்கிறோம். எந்தக் கணினியிலும் எழுத்து சிதைவதில்லை. இரண்டாவது சேவையின் இளைஞர் எங்கள் கோப்புகளை முந்தைய நாள் மாலையே வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்துவிடுகிறார். அவர் தமிழர் என்பதால் பிழை இருந்தாலும் சொல்லிவிடுகிறார். இது ஒப்பந்தத்தில் இல்லாத உதவி.

இலவசமாக வந்த வினாத் தொகுப்பைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும், ஏனெனில் இளைய அமைப்பாளர்கள் பலர் இதற்கு மயங்கித்தான் சேவையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 300 கேள்விகள் இருந்தன. மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்தவர் ரொனால்ட் ராஸ் என்று அதில் விடை இருந்தது. மனித ரத்தத்தில் அந்த ஒட்டுண்ணியை 1880-ல் அல்ஜீரியாவில் கண்டவர் லாவரான். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்தராபாத்தில் ராஸ் கண்டது கொசுவின் வயிற்றுக்குள் இருந்த ஒட்டுண்ணியை. இன்சுலினுக்காக 1923-ல் நோபல் பரிசு பெற்றவர்கள் பான்டிங்கும் பெஸ்ட்டும் என்று இன்னொரு விடை. பரிசு பெற்றவர்கள் பான்டிங்கும் மக்லவுடும். பெஸ்ட்டுக்குப் பரிசு கிடைக்கவில்லை. காசநோய்க்கு அரசுத் திட்டத்தில் மருந்து கொடுக்கும் முறை வாரத்துக்கு மூன்று நாள் என்று ஒரு விடை. 2017-லேயே அது தினசரி முறையாக மாறிவிட்டது. முதல் இரண்டு பிழைகளால் ஒரு நல்ல மாணவர் புள்ளியை இழப்பார். மூன்றாவது, மாணவர் மனத்தில் பதிந்துவிட்டால், நாளை ஒரு நோயாளியைப் பாதிக்கும்.

பிழை இல்லாத கேள்விகளும் பயன்படவில்லை. மனித உடலில் எத்தனை எலும்புகள் என்பது மருத்துவ மாணவரிடம் கேட்கத் தக்க கேள்வியல்ல. நாள்பட்ட கல்லீரல் நோய்க்கு மிகப் பரவலான காரணம் எது என்ற கேள்வி, எந்த நாட்டில், எந்த வயதில் என்று சொல்லாதவரை பல விடைகளுக்கு இடம் கொடுக்கும். 2019 முதல் நடைமுறையில் இருக்கும் திறன் அடிப்படையிலான பாடத்திட்டத்தில் முதலாண்டிலேயே மாணவர்கள் நோயாளியைச் சந்திக்கிறார்கள். அவர்களிடம் காரணத்தைக் கேட்க வேண்டும், பெயரை மட்டும் கேட்கக் கூடாது. மலேயா பல்கலைக்கழகத்தில் 2003-ல் தொடங்கிய பன்னாட்டு உடலியங்கியல் வினாடி வினாவும், இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் கல்லூரி அளவில் தொடங்கித் தேசிய அளவு வரை நடத்தும் போட்டியும் மதிக்கப்படுவதற்குக் காரணம், அத்துறை ஆசிரியர்களே உட்கார்ந்து கேள்விகளை எழுதுவதுதான். நாங்கள் ஐந்து பேர் மூன்று மாதம் எழுதுகிறோம். ஒருவர் எழுதியதை மற்ற இருவர் பாடநூலைத் திறந்துவைத்துச் சரிபார்க்கிறார்கள். பெங்களூருக்கே உரிய கேள்வி ஒன்றாவது வைப்போம். 1883-ல் ராஸ் இந்நகரில் ராணுவ மருத்துவராக இருந்தபோது, தம் பங்களாவுக்கு அருகே தேங்கிய தண்ணீரில் கொசு பெருகுவதைக் கவனித்தார் என்பதை வைத்து ஓர் ஆண்டு கேட்டோம். இத்தகைய கேள்வி எந்தக் கடைத் தொகுப்பிலும் வராது.

நடத்துபவரையும் தாங்களே அனுப்புவதாக இரண்டு சேவைகளும் முன்வந்தன. முதலாண்டு ஒப்புக்கொண்டோம். வந்தவர் மேடையைக் கலகலப்பாக வைத்திருந்தார். ஆனால் மருத்துவச் சொற்களை உச்சரிப்பதில் திணறினார். ஒரு மாணவர் நோயின் பழைய பெயரைச் சொன்னபோது, தாளில் இருந்த பெயர் அதுவல்ல என்பதற்காகத் தவறு என்று அறிவித்துவிட்டார். நடுவர்கள் குறுக்கிட்டுத் திருத்த வேண்டியதாயிற்று. மருத்துவம் படித்தவர் நடத்தினால்தான் மாணவர் தன் சொந்தச் சொற்களில் சொல்வதும் விடைதான் என்று உடனே உணர முடியும். இப்போது ஓய்வுபெற்ற நோயியல் பேராசிரியர் ஒருவர் நடத்துகிறார். கேள்வியைத் திரையிலும் காட்டிக்கொண்டே நிதானமாக வாசிக்கிறார். கன்னட வழியிலும் தமிழ் வழியிலும் பள்ளிப் படிப்பை முடித்து வந்த பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி.

மற்றவை சிறிய விஷயங்கள். இரண்டு சேவைகளும் முறையான ரசீது கொடுத்தன. முதலாவது சேவையிடம் பலகைச் சோதனையின் முடிவை எழுதி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து, கருவி நல்ல நிலையில் இருப்பதாக ஒரு வரியில் பதில் வந்தது. அதன் பிறகே வேறு சேவையைத் தேடினோம். இரண்டாவது சேவை, மழையால் நிகழ்ச்சி தள்ளிப்போனால் முன்பணத்தை வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளச் சம்மதிக்கிறது. பணமாகத் திருப்பித் தருவதில்லை. ஹலசூரு (அல்சூர்) மெட்ரோ நிலையம் பக்கத்தில் இருந்தாலும் பொருட்கள் வண்டியில்தான் வர வேண்டும் என்பதால், முந்தைய இரவே இறக்கிவைக்க மண்டபத்தில் அனுமதி வாங்கிக்கொள்வது நல்லது. காலையில் இறக்கினால் சோதிக்க நேரம் இருக்காது.

கல்லூரிக்குள் இரண்டு வகுப்புகளுக்கு இடையே மகிழ்ச்சிக்காக நடத்தும் போட்டிக்கு முதலாவது வகைச் சேவை போதும். அதற்கு ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருவேன். வெளியூரில் இருந்து இரவு முழுவதும் பயணம் செய்து பிள்ளைகள் வரும் போட்டிக்கு அதை அமர்த்தவே கூடாது. இரண்டாவது சேவைக்கு நாலரை. குறைத்த அரை நட்சத்திரம் புரொஜெக்டருக்காக.

அந்தத் தங்கவயல் மாணவி இப்போது ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறார். கடந்த போட்டிக்கு அவரை அழைத்து, பஸ்ஸர் சோதனையை அவரிடமே ஒப்படைத்தேன். போட்டி தொடங்குவதற்கு முன், ஆறு அணிகளும் சுற்றி நின்று பார்க்க, அவர் பலகையை வைத்து இரண்டிரண்டு பஸ்ஸராக அழுத்தினார். சந்தேகப்பட்ட மாணவர்களையும் அழுத்திப் பார்க்கச் சொன்னார். இரண்டாம் மேசைக்கும் ஐந்தாம் மேசைக்கும் 20-ல் 11, 9 என்று வந்தது. அந்தத் தாளில் ஆறு அணித் தலைவர்களிடமும் கையெழுத்து வாங்கி, நடுவர் மேசையில் வைத்துவிட்டு, அவர் போய்ப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தார்.